பத்தொன்பது வருடம் அதே பெல்ட்

நான் ஜூடோ கற்றுக்கொண்டது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். மேசை நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, ரெக்சின் உறை போட்ட மேட்டுகளை விரிப்போம். முகூர்த்த நாள் என்றால் கிளாஸ் கிடையாது. அதனால் எங்களுக்கென்று தனிப் பஞ்சாங்கம் ஒன்று இருந்தது. ஆடியிலும் மார்கழியிலும் தினமும் பயிற்சி. தை, வைகாசி வந்துவிட்டால் வாரத்துக்கு இரண்டு நாள் கிடைத்தாலே பெரிய விஷயம். முந்தின நாள் பந்தியின் சாம்பார் வாசம் தரையிலிருந்து லேசில் போகாது. குப்புற விழும்போது மூக்கு நேராக அதில்தான் போய் நிற்கும்.

முதல் மூன்று மாதம் மாஸ்டர் வேறு எதுவுமே சொல்லிக்கொடுக்கவில்லை. விழச் சொன்னார், அவ்வளவுதான். பின்னால் விழு, இடது பக்கம் விழு, வலது பக்கம் விழு, உருண்டு எழு. “பெல்ட் முடிச்சைப் பாரு, முடிச்சைப் பாரு” என்று கத்திக்கொண்டே நடப்பார். முடிச்சைப் பார்த்தால் தாடை தானாக நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், பின்மண்டை தரையில் இடிக்காது. கைகள் உடம்பிலிருந்து சற்று விலகி, உள்ளங்கையால் மேட்டை ஓங்கி அறைய வேண்டும். விழுகிற வேகத்தை அந்த அறை வாங்கிக்கொள்ளும். எனக்கு மட்டும் எத்தனை சொன்னாலும் தாடை மேலே தூக்கிக்கொள்ளும். கூரையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவள் மாதிரி விழுவேன்.

இதையெல்லாம் இப்போது கிளறிவிட்டது குடும்ப வாட்ஸப் குழுவுக்கு வந்த ஒரு ஃபார்வர்ட். 98 வயது ஜப்பானியப் பாட்டி ஜூடோவில் பத்தாம் டான் வாங்கினார், வாட்டசாட்டமான ஆண்களை எல்லாம் தூக்கி எறிந்தார் என்று கைதட்டல் பொம்மைகளோடு வந்திருந்தது. பத்தாம் டான் உண்மை. டான் என்பது கறுப்பு பெல்ட்டுக்குள் இருக்கிற படிகள், பத்துதான் உச்சி. ஆண்களைத் தூக்கி எறிந்தது யாரோ சேர்த்த மசாலா. 98 வயதில் அவர் மேட்டின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாணவிகளின் கை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று திருத்திக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. ஃபார்வர்ட் எழுதியவருக்கு அது போதவில்லை போல.

அவர் பெயர் கெய்கோ ஃபுகுதா. கதையை அவருடைய தாத்தாவிடமிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும்.

1877ஆம் வருடம். டோக்கியோவில் ஜிகோரோ கானோ என்ற கல்லூரிப் பையன் ஜூஜூட்சு என்ற தற்காப்புக் கலையைக் கற்றுக்கொடுக்கிற ஆளைத் தேடி அலைகிறான். ஆள் குள்ளம், ஒல்லி, கூடப் படிப்பவர்களிடம் நன்றாக அடி வாங்கியவன். அப்போது ஜப்பானில் இந்தப் பழைய கலைகளுக்கு மவுசு போய்விட்டது. ஆசான்கள் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுப் பிழைத்தார்கள். நம் ஊரில் சிலம்ப ஆசான் வீட்டுத் திண்ணையில் கைமுறிந்தவர்கள் காத்திருப்பார்கள் இல்லையா, அதே மாதிரிதான். கானோ கட்டுப் போடுகிறவர்களாகப் பார்த்து விசாரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்த இடம், ஹாச்சினோசுகே ஃபுகுதாவின் வீடு.

அந்த ஆசான் எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்று கானோவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஒருநாள் ஆசான் இவரை ஒரு வீச்சில் கீழே தள்ளினார். இது எப்படி, கை எங்கே, கால் எங்கே என்று பையன் கேட்டான். வா இங்கே என்று கூப்பிட்டு மறுபடி தள்ளினார். பையன் விடாமல் கேட்டான், மறுபடியும் தள்ளினார். கடைசியில், இதெல்லாம் வாயால் சொல்லி வருவதில்லை, திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும் என்று முடித்துக்கொண்டார். எனக்கு இதில் கானோவைத்தான் பிடிக்கிறது. எழுந்து எழுந்து, எப்படி என்றே கேட்டிருக்கிறார். பின்னாளில் அவர் உருவாக்கிய ஜூடோவில் ஒவ்வொரு வீச்சுக்கும் நிலைகுலைப்பது, உள்ளே நுழைவது, வீசுவது என்று பிரித்துப் பிரித்து விளக்கம் இருக்கும். அந்த விளக்கமெல்லாம் அந்த வீட்டுத் தரையில் பதில் கிடைக்காமல் கிடந்த பையனிடமிருந்து வந்தது என்பது என் ஊகம்.

1879இல் ஆசான் இறந்துபோனார். மூன்று வருடம் கழித்து, 1882இல், டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் ஒரு சின்ன அறையில் கானோ கோடோகானை, அதாவது ஜூடோவின் தாய்ப் பள்ளியை, தொடங்கினார். 12 பாய் விரிக்கிற இடம், 9 மாணவர்கள். அப்புறம் அவர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வர் ஆனார், 1909இல் ஒலிம்பிக் கமிட்டியில் ஆசியாவிலிருந்து முதல் உறுப்பினர் ஆனார். அந்தப் பக்கமெல்லாம் இங்கே வேண்டாம்.

கெய்கோ பிறந்தது 1913இல். தாத்தா போய் 34 வருடம் ஆகியிருந்தது. நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு உரிய எழுத்தோவியம், பூ அலங்காரம், தேநீர்ச் சடங்கு எல்லாம் கற்று வளர்ந்தவர். சின்ன உருவம், நம் கணக்கில் நாலே முக்கால் அடியைச் சற்றுத் தாண்டுவார், எடை 45 கிலோவை எட்டாது. எழுபது வயதைத் தாண்டிய கானோ, தன் முதல் ஆசானின் பேத்தி இவள் என்று தெரிந்து, கோடோகானின் பெண்கள் பிரிவுக்கு வந்து கற்றுக்கொள்ளச் சொல்லி அவரே அழைத்தார். அது 1935. அந்தப் பிரிவில் அப்போது 24 பெண்கள்.

முதன்முதலில் பயிற்சியைப் பார்க்கப் போனபோது பெண்கள் காலை அகட்டி நின்று வீசுவதைக் கண்டு தனக்குத் தூக்கிவாரிப்போட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காலை ஒடுக்கி உக்காருடி” என்று பாட்டியிடம் ஒரு நாளைக்குப் பத்து தடவை வாங்கிக்கட்டிக்கொண்டவள் நான். மண்டபத்துக் கூடத்தில் மாஸ்டர் “இன்னும் அகட்டு, இன்னும்” என்பார். மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் என் கால்களுக்கு வேறு சட்டம்.

கெய்கோவின் அம்மாவும் சகோதரரும் சரி என்றார்கள், மாமா ஒத்துக்கொள்ளவில்லை. சரி என்றவர்கள் மனசில் ஒரு கணக்கு இருந்தது: அங்கே போனால் ஜூடோ தெரிந்த நல்ல பையன் எவனாவது மாப்பிள்ளையாக அமைவான். அப்புறம் வரனும் வந்தது. கல்யாணம் என்றால் ஜூடோவை விட வேண்டும் என்பது யாரும் எழுதி வைக்காத விதி. கெய்கோ ஜூடோ என்றார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயதான பிறகு ஒரு ஆவணப்படத்தில், ஜூடோதான் என் கல்யாணம், இந்தப் பாதை இவ்வளவு நீளும் என்று அன்றைக்கு நினைக்கவில்லை என்ற பொருளில் சொல்லிவிட்டு அழுகிறார். நம் ஆட்கள் தியாகம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு ஓடிவருவதற்கு முன், அந்த அழுகையையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும்.

என் விஷயத்தில் இது தலைகீழ். ப்ரௌன் பெல்ட் வாங்கினேன். பிளாக் பெல்ட் தேர்வுக்குப் பெயர் கொடுத்தபோது, இந்தமுறை பெண்கள் எண்ணிக்கை போதவில்லை, அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்கள் தேர்வு நடத்தியவர்கள். அடுத்த தடவையும் அதே பதில்தான். மூன்றாவது தடவைக்குள் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வாடகை சல்லிசு என்று அப்பா அதே மண்டபத்தைப் பேசி முடித்தார். மேட் விரித்த இடத்தில் இலை விரித்தார்கள். மாஸ்டர் வந்தார். இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், பாயசம் மட்டும் வேண்டாம் என்றார், மொய் எழுதினார். பிளாக் பெல்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அழைப்பிதழ் கொடுக்கப் போனபோதே அவருக்கு எல்லாம் புரிந்திருக்கும்.

கெய்கோவுக்கு வருவோம். 1937இல் அவர் பயிற்றுநர் ஆனார். ஜூடோவை வெளிநாடுகளுக்கும் கொண்டுபோக வேண்டும் என்பது கானோவின் ஆசை. மறுவருடம் கெய்ரோவில் ஒலிம்பிக் கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் கப்பலிலேயே கானோ இறந்தார். பெண்கள் பிரிவில் சிலரே எஞ்சினார்கள். 1953இல் கெய்கோவுக்கு ஐந்தாம் டான் கிடைத்தது. அதே வருடம் ஓக்லாந்து நகர ஜூடோ கிளப் ஒன்று அழைக்க, அமெரிக்கா போய் இரண்டு வருடம் போல இருந்து கற்றுக்கொடுத்துவிட்டு வந்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது, ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்குப் போட்டி கிடையாது. கெய்கோ அந்த அரங்கில் ஒரு கதா செய்து காட்டினார், ஜூ-நோ-கதா. கதா என்றால் இரண்டு பேர் சேர்ந்து, முன்பே வகுத்துவைத்த அசைவுகளை வரிசையாகச் செய்வது.

இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கும் இது தெரியும். முகூர்த்த நாட்களில் மண்டபம் கிடைக்காதபோது மாஸ்டர் என்னையும் என் தோழியையும் அவர் வீட்டு மொட்டைமாடிக்குக் கூப்பிட்டு இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். மேட் தேவையில்லை, ஜூடோ டிரஸ் தேவையில்லை, யாரும் விழப்போவதில்லை. ஐந்தைந்தாக மூன்று தொகுப்பு, மொத்தம் 15 அசைவுகள். தாக்குகிறவர் உகே, எதிர்கொள்கிறவர் தோரி. முதல் அசைவில் உகே மூன்று அடி எடுத்து வைத்து வருவார். ஒவ்வொரு அடிக்கும் வலது கை கொஞ்சம் கொஞ்சமாக உயரும். மூன்றாவது அடியில் விரல்நுனி தோரியின் இரண்டு புருவத்துக்கும் நடுவில் வந்துவிடும். தோரி அதைத் தட்டிவிடுவதில்லை, தடுப்பதுமில்லை. வலது காலைப் பின்னால் எடுத்து உடம்பைத் திருப்பி வழி விடுகிறார், வருகிற மணிக்கட்டைப் பிடித்து அது எங்கே போய்க்கொண்டிருந்ததோ அங்கேயே இன்னும் கொஞ்சம் இழுத்துப் போகிறார். அவ்வளவுதான், உகேயின் நிலை குலைகிறது. எல்லாம் மெதுவாக, தண்ணீருக்குள் நடப்பது மாதிரி.

பக்கத்துத் தெரு மண்டபத்திலிருந்து கெட்டிமேளம் கேட்கும். இங்கே நாங்கள் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு மூன்று அடி, மூன்று அடி என்று எண்ணிக்கொண்டிருப்போம். வேகமாகச் செய்தால் தப்பை மறைத்துவிடலாம், இதில் முடியாது. கால் அரை அங்குலம் தள்ளிப்போனாலும் காட்டிக்கொடுத்துவிடும். என் தோழிக்கு இது அறவே பிடிக்காது. யாரையாவது தூக்கிப் போட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

கடப்பாரைக்கு அசையாத பாறை பச்சை மரத்தின் வேருக்கு வழிவிடும் என்று நாம் சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்த பாட்டு உண்டே, அதை உடம்பால் எழுதினால் இந்தக் கதாதான். கானோ இதை 1880களில் உருவாக்கினார். பெண்கள் ஆண்களோடு மோதக் கூடாது, போட்டியிடக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு, கதா மட்டும் பழகிக்கொள்ளுங்கள் என்று பெண்கள் பிரிவுக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்றும் சொல்லலாம். கெய்கோ அந்த மிச்சத்தை எடுத்துக்கொண்டு, அதில் உலகத்திலேயே தனக்கு மேல் ஆள் இல்லை என்கிற அளவுக்குப் போனார்.

1966இல் மறுபடி அமெரிக்கா போனார். ஓக்லாந்தில் மில்ஸ் கல்லூரி என்று பெண்கள் கல்லூரி, அங்கே செய்து காட்டப் போனவருக்கு வேலையே கொடுத்துவிட்டார்கள். 1978 வரை அங்கே கற்றுக்கொடுத்தார். சான் ஃபிரான்சிஸ்கோவில் தங்கியிருந்த வீட்டிலும் வகுப்பு நடத்தினார். ஆட்கள் சேரவே, ஒரு ஜென் கோயிலுக்கு இடம் மாற்றினார். கானோ தொடங்கியதும் கோயிலில்தான். அதுவே பின்னர் ஸோகோ ஜோஷி ஜூடோ கிளப் ஆயிற்று, பெண்களுக்கென்றே ஒரு பள்ளி. ஜப்பானியக் குடியுரிமையை விட்டுவிட்டு அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார். நாட்டை விட்டுப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

இத்தனை வருடமும் அவர் பெல்ட் என்ன? அதே ஐந்தாம் டான். 1953இல் வாங்கியது. பெண்களுக்கு ஐந்துக்கு மேல் கிடையாது என்பது கோடோகானின் நிலை. அவர் கற்றுக்கொடுத்த காலத்திலேயே எத்தனையோ ஆண்கள் பின்னால் வந்து ஆறு, ஏழு என்று ஏறிப்போயிருப்பார்கள். கோடோகான் பெண்களுக்குக் கொடுத்த கறுப்பு பெல்ட்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு வெள்ளைக்கோடு வேறு ஓடும், பார்த்த உடனே தெரிய வேண்டும் என்று.

1972இல் ஆறாம் டான் வந்தது. நானாக அதைக் கேட்டு வாங்கப் போவதில்லை என்று அவர் இருந்தார், மாணவிகள் விடவில்லை. ஒருவர் பெண்ணுரிமை இயக்கத்தில் முன்னால் நின்றவர். இந்த விதி எந்த ஊர் நியாயம் என்று கோடோகானுக்குக் கடிதங்கள் போய்க் குவிந்தன. கெய்கோவுக்கும், அவருக்கு மூத்தவரான மாசாகோ நோரிதோமிக்கும் ஆறாம் டான் கொடுத்தார்கள். அதற்கு முன் எந்தப் பெண்ணுக்கும் அது கிடைத்ததில்லை. கணக்குப் போட்டால் பத்தொன்பது வருடம்.

அந்தப் பத்தொன்பது வருடத்தைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. தேர்வை அவர்கள் இரண்டு தடவை தள்ளிப்போட்டதற்கே ரோஷப்பட்டு ஜூடோவை விட்டவள் நான். அவர் மட்டும் வாரா வாரம் போய் மேட்டை விரித்து, புதிதாக வந்தவளுக்கு எப்படி விழுவது என்று முதலிலிருந்து சொல்லியிருக்கிறார். ஆறாம் டான் கிடைக்காததால் அந்த வகுப்பில் ஒன்றும் குறையவில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

அதற்காகப் பொறுமைதான் பெரிது என்று நான் சொல்லவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் ரஸ்டி கனோகோகி என்று ஒருவர் இருந்தார். 1959இல் மார்பை இறுகக் கட்டி ஆண் மாதிரி நின்று, ஒரு போட்டியில் எதிராளியைத் தோற்கடித்துப் பதக்கம் வாங்கினார். பெண் என்று தெரிந்ததும் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. வீட்டை அடமானம் வைத்து 1980இல் நியூயார்க்கில் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டியை நடத்திக் காட்டினார். 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ காட்சிப் போட்டியாக நுழைந்து, 1992இல் பார்சிலோனாவில் பதக்கப் போட்டி ஆனது. கதவை உடைக்கிற ஆள் வேண்டும். உடைந்த பிறகு உள்ளே வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்க வேண்டும் என்பதும் சரிதான். இருபது வயதில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ரஸ்டி என்றிருப்பேன். இப்போது அவ்வளவு சட்டென்று பதில் வரவில்லை.

2006 ஜனவரியில் கோடோகான் கெய்கோவுக்கு ஒன்பதாம் டான் கொடுத்தது. ஒரு பெண்ணுக்கு அவர்கள் அதைக் கொடுத்தது அதுவே முதல்முறை. அப்போது அவருக்கு வயது 92. அதே நாளில் மூன்று ஆண்களுக்குப் பத்தாம் டான் கொடுத்தார்கள். அவர்களையும் சேர்த்து கோடோகானின் பத்தாம் டான் 15 பேர், அத்தனை பேரும் ஆண்கள். கெய்கோவுக்குப் பத்தாம் டான் 2011இல் அமெரிக்காவின் ஜூடோ அமைப்பு கொடுத்தது. ஃபார்வர்டில் வந்தது இதுதான். அதற்குப் பிறகும் வகுப்புக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். வலிமையாக இரு, மென்மையாக இரு, அழகாக இரு என்பது அவர் மாணவிகளுக்குச் சொல்லிவந்த வாசகம். 2013 பிப்ரவரியில், நூறுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, இறந்தார்.

இதையெல்லாம் படித்து முடித்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். மண்டபத்தை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். மாஸ்டர் வீடு அப்படியே இருக்கிறது. எழுபதைத் தாண்டிவிட்டார், ஒரு முட்டியில் பெல்ட் மாதிரி எதையோ சுற்றியிருந்தார்.

“மாஸ்டர், என்னைத் தெரியுதா?”

“தெரியாம என்ன. தாடையைத் தூக்கிட்டு விழுவியே, அந்தப் பொண்ணுதானே.”

இருபத்திரண்டு வருடம் கழித்து என் பெயருக்கு முன்னால் என் தாடைதான் அவருக்கு ஞாபகம் வந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எங்கே வேலை என்று எதுவும் விசாரிக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் சனிக்கிழமை காலை வகுப்பு நடக்கிறதாம். பதினெட்டு பிள்ளைகள், அதில் ஒன்பது பெண் பிள்ளைகள்.

“வாரம் ஒரு நாள்தானே, பஸ்ல வந்தா ரெண்டு மணி நேரம். பொண்ணுங்களுக்கு ஒரு அக்கா இருந்தா நல்லா இருக்கும். என்னால குனிஞ்சு காட்ட முடியல.”

“எனக்கு ப்ரௌன் பெல்ட்தான் மாஸ்டர்.”

“விழத் தெரியும்ல?”

அங்கேயே கூடத்தில் பாயைப் போட்டு விழுந்து காட்டச் சொன்னார். அவர் மருமகள் அடுப்படி வாசலில் நின்று பார்க்க, நாற்பத்து நாலு வயதில் விழுந்தேன். கூரையில் ஒரு மின்விசிறி, மூன்று இறக்கை. தோள்பட்டை மூன்று நாள் வலித்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி பரணிலிருந்து ஜூடோ டிரஸ்ஸை இறக்கிப் பார்த்தேன். மேல்சட்டை முன்னால் மூட மாட்டேன் என்கிறது, இரண்டு சுற்று வந்த பெல்ட் ஒரு சுற்றோடு நிற்கிறது. முதல் வாரம் ஜூ-நோ-கதாவிலேயே ஆரம்பித்துக்கொள்கிறேன் என்று மாஸ்டருக்கு மெசேஜ் போட்டுவிட்டு, சுடிதாரை இஸ்திரி போட எடுத்து வைத்தேன்.